ஒரே தெரு, இரண்டு வாக்காளர் பட்டியல்

தேர்தல் வந்தால் பரமக்குடி, வந்தவாசி, ராசிபுரம் போன்ற ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் ‘தனி’ என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தத் தொகுதியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர்தான் வேட்பாளராக நிற்கலாம். ஆனால் ஓட்டுப் போடுவது எல்லோரும்தான். எந்தச் சாதி, எந்த மதம் என்றாலும் தொகுதிக்குள் குடியிருந்தால் ஓட்டு உண்டு. அதனால் அந்த வேட்பாளர் ஒரு தெருவையும் விட்டுவிடாமல் கை கூப்பிக்கொண்டு நடந்தாக வேண்டும்.

இதே ‘தனி’ என்ற சொல்லுக்கு வெள்ளைக்காரர் காலத்தில் வேறு பொருள் இருந்தது. அன்று வாக்காளரையே தனியாகப் பிரித்தார்கள். முஸ்லிம்களுக்கு ஒரு வாக்காளர் பட்டியல், மற்றவர்களுக்கு இன்னொரு பட்டியல். பின்னாளில் நிலைபெற்ற வடிவத்தில், முஸ்லிம் தொகுதியில் முஸ்லிம் மட்டுமே நிற்கலாம், முஸ்லிம் மட்டுமே ஓட்டுப் போடலாம். ‘பொது’ என்று பெயர் கொண்ட தொகுதியில் முஸ்லிமுக்கு ஓட்டே கிடையாது. இதற்குத் தனி வாக்காளர் தொகுதி என்று பெயர். இனிமேல் ‘தனித்தொகுதி’ என்று நான் சொல்வது இதைத்தான். 1909-இல் சட்டமாகி, 1946-இல் நடந்த கடைசி மாகாணத் தேர்தல் வரைக்கும் இது நீடித்தது.

விடுதலைக்கு முந்தைய பத்தாண்டில் இந்து–முஸ்லிம் அரசியல் ஏன் அந்த அளவுக்குக் கசந்துபோனது என்று யாராவது கேட்டால், நான் இந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்குவேன். பள்ளிக்கூடத்தில் ‘பிரித்தாளும் சூழ்ச்சி’ என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அது பொய்யில்லை. ஆனால் எதைக் கொண்டு பிரித்தார்கள், பிரிக்கப்பட்டவர்கள் ஏன் அதைக் கேட்டு வாங்கினார்கள், வாங்கிய பிறகு ஏன் திரும்பி வர முடியவில்லை என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் அடங்காது.

பட்டியல் என்ன செய்யும்?

வங்காளத்தில் ஒரு சிற்றூரைக் கற்பனை செய்துகொள்வோம். கடைத்தெருவில் அடுத்தடுத்து இரண்டு கடைகள். ஒன்று முஸ்லிம் துணி வியாபாரியுடையது, மற்றது இந்து தானிய வியாபாரியுடையது. இருவரும் வரி கட்டுகிறவர்கள், அதனால் இருவருக்கும் ஓட்டு இருக்கிறது. மழை பெய்தால் இருவர் கடை வாசலிலும் ஒரே சேறுதான். சாலை போடச் சொல்லிக் கேட்க வேண்டிய இடமும் ஒன்றுதான்.

தேர்தல் வந்ததும் இருவரும் வேறு வேறு ஊர்க்காரர்கள் போல ஆகிவிடுவார்கள். துணிக்கடைக்காரரின் ஓட்டு முஸ்லிம் தொகுதிக்கு. தானியக் கடைக்காரரின் ஓட்டு பொதுத் தொகுதிக்கு. முஸ்லிம் வேட்பாளர் தானியக் கடைக்குள் கால் வைக்க வேண்டிய அவசியமில்லை. அங்கே அவருக்கு ஓட்டில்லை. இந்து வேட்பாளருக்குத் துணிக்கடையில் வேலையில்லை. முஸ்லிம் வேட்பாளருக்குப் போட்டி இன்னொரு முஸ்லிம்தான். இருவரில் யார் சமூகத்துக்காக உரக்கப் பேசுகிறார் என்பதே போட்டியாகிவிடும். பொதுத் தொகுதியிலும் இதே கதைதான். அடுத்த சமூகத்தைச் சீண்டிப் பேசினால் ஓர் ஓட்டுகூடக் குறையாது. அனுசரித்துப் பேசினால் ஓர் ஓட்டுகூடக் கூடாது.

இந்த முறையின் விஷம் அங்கேதான் இருந்தது என்பது என் எண்ணம். நல்ல மனிதர் நின்றாலும், கெட்ட மனிதர் நின்றாலும், அடுத்த வீட்டுக்காரரிடம் ஓட்டுக் கேட்கும் தேவை யாருக்கும் இல்லாமல் போயிற்று.

அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஓட்டு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சொத்து, வரி, படிப்பு இவற்றை வைத்துத்தான் வாக்குரிமை. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரிவாக்கிய பிறகும், மக்கள்தொகையில் பத்துப் பேருக்கு ஒருவர் என்பதைவிடச் சற்று கூடுதலானவர்களுக்கே ஓட்டு. நிலமில்லாத கூலிக்காரர், இந்துவோ முஸ்லிமோ, எந்தப் பட்டியலிலும் இல்லை. ‘முஸ்லிம்கள் பிரிவினைக்கு ஓட்டுப் போட்டார்கள்’ என்று யாராவது ஒரே அடியாகச் சொன்னால், இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

யார் கேட்டார்கள், ஏன் கேட்டார்கள்?

1906 அக்டோபர் 1 அன்று ஆகா கான் தலைமையில் 35 முஸ்லிம் பிரமுகர்கள் சிம்லாவில் வைஸ்ராய் மிண்டோவைச் சந்தித்தார்கள். சட்டசபைகளுக்குத் தேர்தல் வரப்போகிறது என்றால் எங்களுக்குத் தனியாக இடம் வேண்டும், எங்கள் பிரதிநிதியை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. மிண்டோ அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் டாக்காவில் முஸ்லிம் லீக் பிறந்தது. 1909-இல் மிண்டோ–மார்லி சீர்திருத்தத்தில் தனி வாக்காளர் தொகுதி சட்டமானது.

வெள்ளைக்காரருக்கு இது வசதியாக இருந்தது. வங்கத்தை 1905-இல் பிரித்துவிட்டுச் சுதேசி இயக்கத்தின் சூட்டை அனுபவித்துக்கொண்டிருந்த அரசுக்கு, காங்கிரசோடு சேராத ஒரு பெரிய கூட்டம் கிடைப்பதென்றால் கசக்குமா? ஆனால் கேட்டவர்களின் பயத்தைக் கைப்பாவைகளின் வேலை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஐக்கிய மாகாணத்தில், அதாவது இன்றைய உத்தரப் பிரதேசத்தில், நூறில் 15 பேர் அளவுக்கே முஸ்லிம்கள். சொத்தையும் படிப்பையும் வைத்து ஓட்டு என்றால், எண்ணிக்கையில் சிறியவர்கள் எந்தக் காலத்தில் ஜெயிப்பது? இது நியாயமான கேள்வி. இடஒதுக்கீடு என்பது அதற்கு ஒரு பதில். பட்டியலையே இரண்டாக வெட்டுவது இன்னொரு பதில். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் தனித்தொகுதியை எதிர்த்த முஸ்லிம் தலைவர்களில் ஒருவர் முகம்மது அலி ஜின்னா. பம்பாய் வழக்கறிஞர், காங்கிரஸ்காரர். ஆனால் 1910-இல் அவர் மத்திய சட்டசபைக்குப் போனது பம்பாய் முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில்தான். ஒரு முறை சட்டமாகிவிட்டால், அதை எதிர்ப்பவரும் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும்.

1916-இல் லக்னோவில் காங்கிரசும் லீகும் ஒப்பந்தம் செய்துகொண்டன. காங்கிரஸ் தனித்தொகுதியை ஏற்றுக்கொண்டது. ஒற்றுமையின் உச்சம் என்று கொண்டாடப்பட்ட அந்த ஒப்பந்தம் உண்மையில் விழுக்காட்டுப் பேரம். ஐக்கிய மாகாண முஸ்லிம்களுக்கு மக்கள்தொகையைப்போல் இரு மடங்காக 30 விழுக்காடு. வங்காளத்தில் பாதிக்கு மேல் இருந்த முஸ்லிம்களுக்கு 40 விழுக்காடு. ஓரிடத்தில் கூட்டி, ஓரிடத்தில் குறைத்துச் சமன் செய்தார்கள். அன்று நல்லெண்ணம் இருந்ததால் கணக்கு ஒத்துப்போனது. துருக்கி கலீபாவுக்காக நடந்த கிலாபத் இயக்கத்தில் தோளோடு தோள் நின்ற காலமும் வந்தது, 1920-களின் நடுவில் அது கலைந்து ஊருக்கு ஊர் கலவரமாகவும் ஆனது. 1928-இல் மோதிலால் நேரு குழு தனித்தொகுதியை எடுத்துவிடலாம் என்றபோது, லீகில் பெரும்பாலோர் விடத் தயாராக இல்லை.

1932-இல் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்ட் அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் தனித்தொகுதி தந்தது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று அம்பேத்கரோடு பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தீர்ப்பு தந்த 71 இடங்களுக்குப் பதிலாக 148 இடங்கள், ஆனால் இறுதித் தேர்தலில் எல்லோரும் சேர்ந்தே ஓட்டுப் போடுவது. பரமக்குடிப் பெயருக்குப் பக்கத்தில் இன்று நாம் காணும் ‘தனி’க்கு வேர் அங்கே இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் யார் எதை இழந்தார் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. முஸ்லிம்களுக்கான தனிப் பட்டியல் மட்டும் அப்படியே நீடித்தது.

இந்துக்களின் மனக்குறையையும் சொல்ல வேண்டும். வங்காளச் சட்டசபையின் 250 இடங்களில் பொதுத் தொகுதிகளுக்கு 80 மட்டுமே. மாகாணத்தில் நூறுக்கு 40-க்கும் மேல் இருந்த இந்துக்கள் கொதித்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய ஐரோப்பியர்களுக்கு அங்கே 25 இடங்கள். இந்துவும் முஸ்லிமும் யாருக்கு எவ்வளவு என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஆட்சியைக் கவிழ்க்கும் அளவுக்கு ஓட்டு வெள்ளைக்காரர் கையில் இருந்தது.

1937: கைநழுவிய வாய்ப்பு

1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1937-இல் மாகாணத் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் அள்ளியது. நாடு முழுவதும் இருந்த 482 முஸ்லிம் இடங்களில் லீக் பெற்றது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. பஞ்சாபில் சிக்கந்தர் ஹயாத் கானின் யூனியனிஸ்ட் கட்சி வென்றது. அது முஸ்லிம், இந்து, சீக்கிய நிலவுடைமையாளர்கள் சேர்ந்த கட்சி. வங்காளத்தில் குடியானவர்களை நம்பி நின்ற பஸ்லுல் ஹக் தலையெடுத்தார். முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே கட்சி, ஒரே குரல் என்று அன்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் காங்கிரசின் கணக்கையும் பாருங்கள். அந்த 482 இடங்களில் காங்கிரஸ் நின்றது 58-இல்தான், வென்றது 26. எல்லோருக்குமான கட்சி என்று சொல்லிக்கொண்ட கட்சி, முஸ்லிம் பட்டியல் பக்கம் பெரும்பாலும் எட்டிப் பார்க்கவே இல்லை. அங்கே செலவழிக்கும் நேரத்தைப் பொதுத் தொகுதியில் செலவழித்தால் இடம் கிடைக்கும் என்ற கணக்குத்தான். இந்தத் தவறுக்கு விலை ஒன்பது ஆண்டு கழித்து வந்தது.

ஐக்கிய மாகாணத்தில் லீகோடு கூட்டணி அமைச்சரவை பற்றிப் பேச்சு நடந்தது. லீகின் கலீகுஸ்ஸமான் இரண்டு அமைச்சர் இடங்களை எதிர்பார்த்தார். சட்டசபையில் லீக் தனிக் குழுவாக இயங்கக் கூடாது, காங்கிரசுக்குள் கரைந்துவிட வேண்டும் என்பது காங்கிரசின் நிபந்தனை. பேச்சு முறிந்தது. தனிப் பெரும்பான்மை உள்ள கட்சி அப்படிக் கேட்பது சட்டப்படி தவறில்லை. ஆனால் முஸ்லிம் பட்டியலில் ஜெயித்து வந்தவர்கள், தம் கட்சியைக் கலைத்தால்தான் அமைச்சராகலாம் என்றால், பெரும்பான்மை ஆட்சியில் நமக்கு நிரந்தரமாக வெளி வாசல்தான் என்று அவர்களுக்குத் தோன்றியது. ஜின்னா அந்த எண்ணத்தை ஊர் ஊராக எடுத்துச் சென்றார். 1939-இல் உலகப் போர் தொடங்கி, இந்தியர்களைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டதற்காகக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. அந்த டிசம்பர் 22-ஐ லீக் ‘விடுதலை நாள்’ என்று கொண்டாடியது.

1940 மார்ச் 23 அன்று லாகூர் மாநாட்டில், வடமேற்கிலும் கிழக்கிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள பகுதிகள் தனி அரசுகளாக வேண்டும் என்று லீக் தீர்மானம் போட்டது. முன்மொழிந்தவர் அதே பஸ்லுல் ஹக். தீர்மானத்தில் ‘பாகிஸ்தான்’ என்ற சொல்லே கிடையாது. எல்லை எது, ஒரு நாடா இரண்டா, மத்திய அரசோடு ஏதாவது தொடர்பு இருக்குமா எதுவும் தெளிவில்லை. மறு ஆண்டு ஏப்ரலில் லீகின் மாநாடு நம் சென்னையில் நடந்தது. லாகூர்த் தீர்மானத்தைக் கட்சியின் குறிக்கோளாக அமைப்புவிதியிலேயே எழுதிச் சேர்த்தது இந்த மாநாட்டில்தான்.

எல்லா முஸ்லிம்களும் அதன் பின்னால் போய்விடவில்லை. தேவ்பந்த் மதரசாவின் ஹுசைன் அகமது மதனி, எல்லைக் காந்தி கான் அப்துல் கபார் கான், சிந்துவின் அல்லா பக்ஷ் சூம்ரோ எல்லோரும் எதிர்த்தார்கள். சூம்ரோ 1943-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுபக்கம், இந்துக்களும் முஸ்லிம்களும் இரண்டு தேசங்கள் என்று 1937-லேயே இந்து மகாசபை மேடையில் சாவர்க்கர் பேசியிருந்தார். இரு தேசம் என்ற பேச்சு ஒரு தரப்பின் தனிச்சொத்து இல்லை.

யார் ஓட்டுப் போடுவது? ராஜாஜியின் திட்டம்

காங்கிரஸ் தலைவர்கள் பலர் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறையில் இருந்தபோது, வெளியே இருந்த ராஜாஜி ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். லீகின் கோரிக்கையைக் கொள்கையளவில் ஒப்புக்கொள்ளலாம் என்று 1942-லேயே சொல்லி, அதற்காகக் காங்கிரசிலிருந்து விலகியவர் அவர். தமிழ்நாட்டில் அன்று அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை.

1944-இல் வெளிவந்த அவர் திட்டம் இது. போர் முடிந்ததும் வடமேற்கிலும் கிழக்கிலும் முஸ்லிம்கள் தெளிவான பெரும்பான்மையாக, தொடர்ச்சியாக அமைந்த மாவட்டங்களை ஒரு குழு வரையறுக்க வேண்டும். அந்த மாவட்டங்களில் வாழும் எல்லா மக்களும், இந்து, முஸ்லிம், சீக்கியர் என்ற வேறுபாடில்லாமல், பிரிவதா சேர்ந்திருப்பதா என்று ஓட்டுப் போட வேண்டும். பிரிவதென்று முடிவானாலும் பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்துக்குப் பொது ஒப்பந்தம் வேண்டும்.

அந்த செப்டம்பரில் காந்தி பம்பாய் மலபார் ஹில்லில் ஜின்னா வீட்டுக்குப் பல நாள் போய்ப் பேசினார். பேச்சு உடைந்ததற்குக் காரணங்கள் பல. இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது ஒன்று. அங்கே வாழும் எல்லோரும் ஓட்டுப் போடுவதை ஜின்னா ஏற்கவில்லை. முஸ்லிம்களின் கதியைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் முஸ்லிம்கள் மட்டுமே என்றார். 35 ஆண்டுகளுக்கு முன் சட்டசபை இடத்துக்காகப் பிரித்த பட்டியல், இப்போது தேசத்தின் எல்லையைத் தீர்மானிக்கும் பட்டியலாக வந்து நின்றது. பஞ்சாபில் முஸ்லிம்கள் நூறுக்கு 57, வங்காளத்தில் 55-க்குச் சற்றுக் குறைவு. மீதிப் பேர் என்ன ஆவது?

இந்துத் தேநீர், முஸ்லிம் தேநீர்

வடநாட்டு ரயில் நிலையங்களில் அந்தக் காலத்தில் ‘இந்து தண்ணீர்’, ‘முஸ்லிம் தண்ணீர்’ என்று கூவி விற்பார்கள். குடம் வேறு, ஊற்றும் ஆள் வேறு. கோடைக் காலத்தில் ரயில் நின்றதும் நாக்கு வறண்டு இறங்கி ஓடுகிறவர், முதலில் எந்தக் குடம் என்று பார்க்க வேண்டும். தீண்டாமையில் ஊறிய சமூகத்துக்கு அது வித்தியாசமாகப்படவில்லை. வாக்காளர் பட்டியலைப் பிரித்தவர்கள் புதிதாக ஒரு பிளவை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே குடத்தில் இருந்ததைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று சொன்னால் அதில் உண்மை உண்டு.

ஆனால் இன்னொரு காட்சியும் உண்டு. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ வீரர்கள் டில்லியில் கைதிகளாக இருந்தபோது காந்தி பார்க்கப் போனார். காலையில் ‘இந்துத் தேநீர்’, ‘முஸ்லிம் தேநீர்’ என்று தனித்தனியாகக் கொடுக்கிறார்கள் என்று அவர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார் காந்தி. இரண்டையும் பாதிக்குப் பாதி ஒன்றாகக் கலந்து, அதன்பிறகு எல்லோருக்கும் ஊற்றிக்கொள்கிறோம் என்றார்கள்.

அவர்கள் வழக்கு நடந்த அந்தக் குளிர்காலம் முழுவதும் ஊர்கள் ஒன்றாகத்தான் கொந்தளித்தன. 1946 பிப்ரவரியில், அந்த ராணுவத்தின் அதிகாரி ரஷீத் அலிக்குத் தண்டனை விதித்ததை எதிர்த்துக் கல்கத்தாவில் இந்து, முஸ்லிம் மாணவர்கள் சேர்ந்து தெருவில் இறங்கினார்கள். அதே மாதம் 18-ஆம் தேதி பம்பாயில் கடற்படை மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கப்பல்களில் காங்கிரஸ், லீக், கம்யூனிஸ்ட் மூன்று கொடிகளும் சேர்ந்து ஏறின. ஆறே மாதத்தில் அதே கல்கத்தாவில் என்ன நடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் இந்த பிப்ரவரிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும்.

1946: ஒரே கேள்வித் தேர்தல்

போர் முடிந்தது. பிரிட்டன் கிளம்பப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 1945 ஜூன் இறுதியில் வைஸ்ராய் வேவல் சிம்லாவில் மாநாடு கூட்டினார். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவுக்கு முஸ்லிம் உறுப்பினர்கள் அனைவரையும் லீக்தான் நியமிக்கும் என்று ஜின்னா பிடிவாதமாக நின்றார். அதை ஒப்புக்கொண்டால், முஸ்லிமான அபுல் கலாம் ஆசாத்தைத் தலைவராகக் கொண்ட காங்கிரஸ் ஒரு முஸ்லிமைக்கூட அனுப்ப முடியாது. மாநாடு தோற்றது. யார் முஸ்லிம்களின் பிரதிநிதி என்று தேர்தலில் பார்த்துவிடுவோம் என்று ஆனது.

அந்தத் தேர்தல்கள் 1945 டிசம்பர் முதல் 1946 தொடக்கம் வரை நடந்தன. பொதுப் பட்டியலில் காங்கிரஸ் மறுபடி அள்ளியது. முஸ்லிம் பட்டியலில் கேள்வி ஒன்றே ஒன்றாகிவிட்டது: நீ சமூகத்தின் பக்கமா, இல்லையா? அலிகர் மாணவர்கள் பஞ்சாபுக் கிராமங்களுக்குப் போனார்கள். பீர்கள் என்ற சூஃபி குருமார்கள் தம் சீடர்களான முரீதுகளுக்குச் சொல்லியனுப்பினார்கள். கிழக்கு வங்காளத்தில் ஜமீன்தாரும் வட்டிக்காரரும் பெரும்பாலும் இந்துக்கள், குத்தகைக் குடியானவர் பெரும்பாலும் முஸ்லிம்கள். 1943 பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்து விழுந்த மண் அது. அங்கே பாகிஸ்தான் என்றால் கடனிலிருந்தும் ஜமீனிலிருந்தும் விடுதலை என்று அர்த்தமாயிற்று. நிலத்துச் சண்டையை மதத்தின் மொழியில் பேச, தனிப் பட்டியல் மேடை போட்டுக் கொடுத்தது.

மத்திய சட்டசபையின் 30 முஸ்லிம் இடங்களும் லீகுக்கு. மாகாணங்களில் ஏறக்குறைய 500 முஸ்லிம் இடங்களில் 420-க்கும் மேல். 1937-இன் லீகா இது என்று கேட்கும்படி இருந்தது. வடமேற்கு எல்லைப்புற மாகாணம் மட்டும் கபார் கானின் அண்ணன் டாக்டர் கான் சாகிப் தலைமையில் காங்கிரசோடு நின்றது. சென்னை மாகாணத்தில் முஸ்லிம்கள் நூறுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. பாகிஸ்தான் வந்தால் இங்கே வரப்போவதுமில்லை. இங்கும் முஸ்லிம் இடங்கள் எல்லாம் லீகுக்கே. ஒரு பாதுகாப்புக் குரலாக நினைத்துத்தான் பலர் போட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

அடுத்து வந்தது பிரிட்டன் அனுப்பிய அமைச்சரவைத் தூதுக்குழு. 1946 மே 16 அன்று அது வைத்த திட்டம், பிரிவினை இல்லாத கடைசி வழி. மேலே ஒரு மெலிந்த மத்திய அரசு: வெளியுறவு, பாதுகாப்பு, தகவல்தொடர்பு மட்டும். கீழே மாகாணங்கள். நடுவில் மூன்று தொகுப்புகள்: இந்துப் பெரும்பான்மை மாகாணங்கள் ஒன்று, வடமேற்கு ஒன்று, வங்காளமும் அசாமும் ஒன்று. லீக் ஏற்றது, காங்கிரசும் தன் விளக்கத்தோடு ஏற்றது. தொகுப்பில் சேருவது கட்டாயம் என்று லீக் படித்தது, மாகாணத்தின் விருப்பம் என்று காங்கிரஸ் படித்தது. ஜூலை 10 அன்று பம்பாயில் நேரு, அரசியல் நிர்ணய சபைக்குப் போவதைத் தவிர நாங்கள் வேறெதற்கும் கட்டுப்படவில்லை என்னும்படி பேசினார். 29-ஆம் தேதி லீக் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்று, ஆகஸ்ட் 16-ஐ நேரடி நடவடிக்கை நாளாக அறிவித்தது. நேரு அன்று பேசாமல் இருந்திருக்கலாம் என்று நானும் நினைக்கிறேன். நேரடி நடவடிக்கை என்றால் என்ன என்று தெளிவுபடுத்தாமல் ஒரு பெருநகரத்தைத் தெருவுக்கு அழைத்தது அதைவிடப் பெரிய குற்றம்.

ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவில் பொதுவிடுமுறை. முதலமைச்சர் லீகின் சுஹ்ரவர்தி. நான்கு நாள் கத்தியும் தீயும்தான். நாலாயிரம் பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் குறைந்த கணக்கு. இரு தரப்பிலும் செத்தார்கள், இரு தரப்பிலும் கொன்றார்கள். அக்டோபரில் கிழக்கு வங்காளத்து நவகாளியில் இந்துக்கள் தாக்கப்பட்டார்கள். அதற்குப் பழி என்று பீகாரில் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். 1947 மார்ச்சில் ராவல்பிண்டிப் பக்கம் சீக்கியர்கள். 77 வயதுக் கிழவர் ஒருவர் நவகாளியில் செருப்பில்லாமல் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தார்.

கடைசிக் கணக்கு

1947 ஜூன் 3 திட்டப்படி வங்காளமும் பஞ்சாபும் பிரிவதா என்பதை அவற்றின் சட்டசபைகள் முடிவு செய்ய வேண்டும். முஸ்லிம் பெரும்பான்மை மாவட்டங்களின் உறுப்பினர்கள் ஒரு பக்கம், மற்ற மாவட்டங்களின் உறுப்பினர்கள் மறுபக்கம் உட்கார்ந்து ஓட்டுப் போட்டார்கள். ஏதாவது ஒரு பக்கம் ‘பிரிக்கலாம்’ என்றால் போதும். ஜூன் 20 அன்று மேற்கு வங்காள உறுப்பினர்கள் 58-க்கு 21 என்று பிரிவினைக்கு வாக்களித்தார்கள். 23-ஆம் தேதி கிழக்குப் பஞ்சாப் உறுப்பினர்கள் 50-க்கு 22. இந்த இரண்டு மாகாணங்களையும் வெட்டக் கேட்டவர்கள் காங்கிரசும் இந்து மகாசபையும் சீக்கியர்களின் அகாலிக் கட்சியினரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாகாணங்கள் முழுதாக வேண்டும் என்று நின்றது லீக்.

ராஜாஜி சொன்ன பொது வாக்கெடுப்பு அசாமின் சில்ஹட்டிலும் எல்லைப்புறத்திலும் தவிர எங்கும் நடக்கவில்லை. கோடிக்கணக்கானவர்களின் ஊர் எந்த நாட்டில் என்பதை, பத்தில் ஒருவர் சொச்சம் பேர், தனித்தனிப் பட்டியலில் போட்ட ஓட்டில் வந்த சில நூறு பேர் முடிவு செய்தார்கள். இரு நாட்டு எல்லையைக் குறித்த ராட்கிளிப் கோடு வெளியானது ஆகஸ்ட் 17, விடுதலைக்கு இரண்டு நாள் கழித்து. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள்.

அந்த மாதம் 27-ஆம் தேதி டில்லி அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்து மலபாரைச் சேர்ந்த பி. போக்கர் சாகிப் எழுந்தார். முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி தொடர வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். பொதுப் பட்டியலில் வெல்லும் முஸ்லிம், பெரும்பான்மையினருக்குப் பிடித்த முஸ்லிமாகத்தான் இருப்பார், எங்கள் மனதைப் பேச மாட்டார் என்பது அவர் வாதம். காயிதே மில்லத் என்று பின்னாளில் நாம் அழைத்த திருநெல்வேலி முகம்மது இஸ்மாயிலும் தனித்தொகுதியை ஆதரித்தவர்தான். வல்லபாய் பட்டேல் கடுமையாகப் பதில் சொன்னார்: அப்படி வேண்டும் என்பவர்களுக்கு இடம் பாகிஸ்தானில் உண்டு, இங்கே இல்லை. ரயில்கள் பிணங்களோடு வந்துகொண்டிருந்த வாரம் அது. இந்த மண்ணைவிட்டுப் போகாமல் நின்றவர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குப் படுகிறது. திருத்தத்தைத் தோற்கடித்தது சரி என்றும் படுகிறது.

முகம்மது இஸ்மாயில் இங்கேயே இருந்தார். 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார். 1962 முதல் மூன்று முறை மஞ்சேரியில் நின்று நாடாளுமன்றத்துக்குப் போனார். மஞ்சேரி, முஸ்லிம்கள் அதிகம் வாழும் தொகுதி. ஆனால் பட்டியல் பொதுப் பட்டியல்.

அரசியல் சட்டத்தின் 325-ஆவது பிரிவு சின்னது. ஒவ்வொரு தொகுதிக்கும் பொதுவான ஒரே வாக்காளர் பட்டியல்தான் இருக்கும். மதம், இனம், சாதி, பால் என்ற காரணம் காட்டி யாரையும் அதில் சேர்க்காமல் விடக் கூடாது. அடுத்த முறை வாக்குச்சாவடி வாசலில் முகவர்கள் மேசையில் விரித்து வைத்திருக்கும் பட்டியலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அப்துல் காதருக்கு அடுத்து ஆறுமுகம், அதற்குக் கீழே அந்தோணியம்மாள் என்று இருக்கும். வீட்டு எண் வரிசை அது.